இரண்டு நாள் அமைதி

நகரத்தில் இருப்பவர்கள் அமைதி தேடிக் கிராமத்துக்கு வருகிறார்கள். கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு அமைதி வேண்டுமென்றால் நகரத்துக்குத்தான் போக வேண்டும். சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் எருக்கலம்பிட்டியில் நான் பாண் வாங்கக் கடைக்குப் போனால் அது பாதிப் பெற்றோர் கூட்டம்தான். "சேர், மகன்ட கணக்கு எப்பிடி?" என்பார் ஒருவர். "சேர், இந்தப் படிவத்த ஒருக்கா நிரப்பித் தாங்க" என்பார் இன்னொருவர். பள்ளிவாசலில் தொழுகை முடித்துச் சலாம் கொடுத்தால், பக்கத்தில் இருப்பவர் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியை விசாரிப்பார். யாரையும் குறை சொல்லவில்லை. இந்த மரியாதையில்தான் வாத்தியாரின் பிழைப்பு ஓடுகிறது. என்றாலும், என்னை யாரென்று தெரியாத தெருவில் இரண்டு நாள் சும்மா நடந்து திரிய வேண்டும் என்று ஓர் ஆசை இந்தத் தவணை முழுதும் இருந்தது.

அதை நண்பனிடம் சொன்னேன். அவன் கத்தோலிக்கன். பெருநிலப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறான். 2002இல், சமாதான காலத்தில், வவுனியாவில் கல்வியியற் கல்லூரி விடுதியில் எங்களுக்கு ஒரே அறை. நான் புத்தளத்து நாகவில்லு அகதிக் குடியிருப்பிலிருந்து வந்தவன். அவன் மன்னாரிலிருந்து வந்தவன். இரண்டு வருடம் ஒரே கோப்பையில் பிளேன்ரீ குடித்தோம். நான் சொந்த ஊருக்குத் திரும்பிய பிறகு, மாதத்தில் ஒரு தடவையாவது மன்னார் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு தேநீர்க்கடையில் சந்தித்துக்கொள்கிறோம்.

"கண்டி?" என்றேன். "தூரம்" என்றான். "கொழும்பு?" என்றேன். "அமைதிக்கா கொழும்பு?" என்று சிரித்தான். பிறகு அவனே, "யாழ்ப்பாணம் போவம் மச்சான்" என்றான்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. யாழ்ப்பாணம் போகாதவனில்லை நான். திணைக்கள வேலையாக நாலைந்து தரம் போயிருக்கிறேன். காலையில் போய் வேலையை முடித்து மாலை பஸ்ஸிலேயே திரும்பியிருக்கிறேன். இரவு தங்கியதில்லை.

அவன் மாணவன் ஒருவனின் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பட்டியல் போடத் தொடங்கினான். முதலாவது பாதை. ஏ-32 வீதியால் இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி என்று நேரே போகலாம். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததிலிருந்து வவுனியாவைச் சுற்றும் வேலை இல்லை. சனி காலை போய் ஞாயிறு பின்னேரம் திரும்புவது.

இரண்டாவது தங்குமிடம். இதில்தான் எனக்குத் தயக்கம். 2019க்குப் பிறகு ஒரு காலம், வேறொரு நகரத்தில் அறை கேட்டுத் தொலைபேசி எடுத்தபோது, பெயரைச் சொன்னதும் மறுமுனையில் ஒரு சின்ன மௌனம் விழுந்தது. பிறகு "அறை இல்லை" என்றார்கள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து என்ன விளங்கிக்கொண்டானோ, "நான் எடுக்கிறன்" என்று அங்கேயே தொலைபேசியை எடுத்தான். "ரெண்டு பேர், ரெண்டு பேரும் ரீச்சர்மார்" என்று சொல்லி, என் பெயரை முதலும் தன் பெயரைப் பிறகும் கொடுத்தான். அறை கிடைத்தது.

மூன்றாவது நூலகம். 1981 மே 31ஆம் திகதி இரவு மூட்டிய தீயில் 97 ஆயிரத்துக்கு மேற்பட்ட நூல்கள் எரிந்துபோன இடம். நுஃமானின் 'புத்தரின் படுகொலை' கவிதை வழியாகத்தான் என் தலைமுறையில் பலர் அந்த இரவை அறிந்தோம். திருத்திக் கட்டிய அந்தக் கட்டடத்தில், கையில் ஒரு புத்தகத்தோடு அரை நாள் வாய் பேசாமல் இருக்க வேண்டும் என்றேன். நான்காவது கோட்டை. மன்னார்க் கோட்டையும் யாழ்ப்பாணக் கோட்டையும் 1658ஆம் ஆண்டில்தான் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போயின. வருடா வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். அங்குள்ள மதிலில் ஏறி நின்று ஒருநாளும் கடலைப் பார்த்ததில்லை. ஐந்தாவது, நல்லூர்ப் பக்கம் ஐஸ்கிறீம். இது அவனுடைய ஆசை.

ஆறாவதாக அவன் எழுதிவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினான். 'சோனகத் தெரு' என்றிருந்தது.

என் பெரியும்மா வாழ்க்கைப்பட்டது சோனகத் தெருவில். பெரியவாப்பா தையல்காரர். நோன்புப் பெருநாளுக்கு முன்பு யாழ்ப்பாணத்திலிருந்து வரும் யாரிடமாவது எனக்கொரு சேர்ட் வந்து சேரும். வளர்கிற பிள்ளை என்று எப்போதும் ஓரங்குலம் பெரிதாகத் தைத்திருப்பார். கடைசி சேர்ட் 1990 ஏப்ரல் பெருநாளுக்கு வந்தது. அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவில் எங்களுக்குச் சில நாட்கள் தவணை கிடைத்தது. யாழ்ப்பாணத்தில், ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலம். நாங்கள் வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனோம். அவர்கள் தரைவழியாக வந்து புத்தளத்தில் எங்களோடு சேர்ந்தார்கள். தையல் மெசினைக் கொண்டுவர விடவில்லை. பெரியவாப்பா அதன் பிறகு ஒரு கடையில் கூலிக்குத் தைத்தார். தன் தெருவைத் திரும்பப் பார்க்காமலே இருவரும் மௌத்தாகிவிட்டார்கள்.

இவ்வளவையும் இருபது வருடத்துக்கு மேல் பழகிய நண்பனிடம் நான் சொன்னதில்லை. பெரியும்மா அங்கே இருந்தா என்று மட்டும், விடுதியில் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருப்பேன். அதை அவன் நினைவில் வைத்திருந்திருக்கிறான்.

"ஏன் ஒருநாளும் கேக்கயில்ல?" என்றேன்.

"என்னெண்டு கேக்கிறது?" என்றான். சிறிது நேரம் கழித்துச் சொன்னான்: "நீங்க போகேக்க நான் இஞ்ச இல்ல மச்சான். ஜூனில சண்டை தொடங்கினவுடன நாங்க தலைமன்னாரால ராமேஸ்வரம் போயிட்டம். மண்டபம் முகாமில இருந்தம். திரும்பி வரேக்க நீங்க இல்ல. என்ர வகுப்பில ஒம்பது பேர் இல்ல. எங்க எண்டு வீட்டில கேட்டன். ஒருத்தரும் பதில் சொல்லயில்ல. பிறகு நானும் கேக்கிறத விட்டிட்டன்."

ஒரே வருடத்தில் ஒரே தீவிலிருந்து, அவன் ஒரு கரைக்கும் நான் இன்னொரு கரைக்குமாக வள்ளம் ஏறியிருக்கிறோம். இரண்டு வருடம் ஒரே அறையில் படுத்தபோதும் இது எங்களுக்குத் தெரியாது.

அவனைக் கேள்வி கேட்ட எனக்கும் ஒரு கணக்குப் பாக்கி இருந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டித் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது அவனுடைய சித்தியின் மகள் இறந்துபோனாள். எனக்குத் தெரியும். ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். வீட்டுக்குப் போகவில்லை. போனால் என்னை எப்படிப் பார்ப்பார்களோ என்று பயந்தேன். அது நான் செய்த காரியமில்லை, 1990 அவன் செய்த காரியமும் இல்லை. ஆனால் மௌத்து வீட்டுக்குப் போவது குற்றம் செய்தவனின் கடமை மட்டுமா? ஒரு மாதம் கழித்து இதே கடையில் சந்தித்தபோது இடமாற்றம், சம்பளம் என்று ஏதேதோ பேசினோம். எங்களிருவருக்கும் இடையில் ஒரு சச்சரவும் வந்ததில்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். சச்சரவு வராத இடங்களிலேயே காலை வைத்து நடந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

"அண்டைக்கு நான் வந்திருக்க வேணும்" என்றேன்.

"வந்திருக்கலாம்" என்றான். அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாதது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பேனையை வாங்கி, ஆறாவதை வெட்டி, பாதைக்கு அடுத்ததாகச் சோனகத் தெருவை எழுதினேன். முதலில் அங்கே போய்விட்டு நூலகத்துக்குப் போகலாம். ஐந்து சந்தியிலிருந்து எப்படிப் போவதென்று உம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். பெரியும்மா வீட்டு வாசலில் ஒரு மாதுளை நின்றதாம். வீடே நிற்கிறதோ தெரியாது. போருக்குப் பிறகு கொஞ்சக் குடும்பங்கள் திரும்பிக் குடியேறியிருக்கின்றன. யாராவது ஒரு வயதாளி, தையல்காரர் வீடு என்றால் கை காட்டுவார். தாளின் அடியில், 'அடுத்த லீவு: நீர்கொழும்பு, சித்தி வீடு' என்று எழுதினேன். அவன் வாசித்துவிட்டு, தாளை மடித்துத் தன் சேர்ட் பையில் வைத்துக்கொண்டான்.

வருகிற சனிக்கிழமை, சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்படுகிறேன். அமைதிக்கென்று போட்ட பயணம். அந்தத் தெருவில் கால் வைத்த பிறகு மனசு அவ்வளவு அமைதியாக இராது என்று இப்போதே தெரிகிறது. முந்தாநாள் அவன் தொலைபேசியில் கேட்டான்: "என்ன மச்சான், வாறாய்தானே?"

வருகிறேன் என்றேன்.