கறுத்துடுவேன்னு இல்ல பாட்டி!

எங்க மெல்பர்ன் ஆரம்பப் பள்ளிகள்ல கோடை வந்தாச்சுன்னா ஒரு விதி உண்டு மக்களே. தொப்பி இல்லையா, மைதானத்துல ஆட்டம் கிடையாது. நிழல்ல போய் உக்காந்துக்கணும்.

இதெல்லாம் 1981-ல விக்டோரியா மாநில புற்றுநோய் தடுப்பு கவுன்சில் போட்ட ஒரு விளம்பரத்துல ஆரம்பிச்சது. சிட்-னு ஒரு கார்ட்டூன் கடற்பறவை ஆடிப்பாடிக்கிட்டே சட்டை போடு, க்ரீம் தடவு, தொப்பி வைன்னு சொல்லும். 2007-ல நிழல் தேடு, கூலிங் கிளாஸ் மாட்டுன்னு ரெண்டைச் சேர்த்தாங்க. அழகுக்காக இல்லீங்க. இந்த நாட்டுல 70 வயசுக்குள்ள மூணுல ரெண்டு பேருக்காவது ஏதோ ஒரு வகை தோல் புற்றுநோய் வந்துடுது.

நம்ம ஊர்லயும் அதே க்ரீம்தான், பயம்தான் வேற. "வெயில்ல சுத்தாதடி, கறுத்துட்டா யாரு கட்டிப்பா?" 2020-ல ஃபேர் அண்ட் லவ்லியே க்ளோ அண்ட் லவ்லின்னு பேரை மாத்திக்கிச்சு, நம்ம வாய்தான் மாறல. இதனால என்ன ஆகுதுன்னா, ஆம்பளைங்க 'பொம்பளைங்க சமாச்சாரம்'னு ஒதுங்கிடறாங்க. கறுப்பா இருக்கவங்க 'இனிமே கறுக்க என்ன இருக்கு'ன்னு விட்டுடறாங்க.

மெலனின் நமக்கு ஒரு குடைதான், ஒத்துக்கறேன். வெள்ளைக்காரங்களை விட நமக்கு தோல் புற்றுநோய் ரொம்பக் குறைவு. ஆனா அது ஓட்டைக் குடை. கன்னத்துல மங்கு, சுருக்கம், கண்புரைன்னு வெயில் வேற வழியில வசூல் பண்ணிடும். புறஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேணும்கறாங்க. சென்னை கோடையில அது 11-ஐத் தாண்டும்!

க்ரீம் வாங்கினா எஸ்பிஎஃப் 30 போதும். சரியான அளவு தடவினா புறஊதா-பி கதிர்ல 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 வாங்கினா 98, அவ்வளவுதான் வித்தியாசம். முகத்துக்கும் கழுத்துக்கும் ரெண்டு விரல் நீளம், வெளியில இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை.

காசில்லாதவங்களுக்கு? புடவைக்கு மேல வீட்டுக்காரர் முழுக்கை சட்டை, தலையில துண்டுன்னு நாத்து நடற நம்ம அக்காக்களைப் பாருங்க. சிட் பாட்டெல்லாம் அவங்க கேட்டதே இல்ல.

போன கோடையில ஊர்ல இருந்து அம்மா வந்திருந்தாங்க. பேத்தி க்ரீம் பூசிக்கறதைப் பார்த்து, "பூசிக்கோடா தங்கம், கறுத்துடுவே"ன்னாங்க. ஆறு வயசு வாலு திரும்பி, "கறுத்துடுவேன்னு இல்ல பாட்டி, தோலுக்கு அடிபடும்னு. உனக்கும் கையை நீட்டு"ன்னா.

அம்மா நீட்டினாங்க. க்ரீமை விட எனக்கு அந்த பதில்தாங்க முக்கியம். இவ நிறத்துக்குப் பயப்படாம வளரணும். உங்க வீட்டுல எப்படி?