எண் போட்ட தாள்

விற்பனைக்காகப் பிரிண்ட் போடத் தொடங்கும் புகைப்படக்காரர் சீக்கிரமே கேட்கும் வாக்கியம் இது: "ஃபைலை அனுப்பிடுங்களேன், நாங்களே பிரிண்ட் போட்டுக்கறோம்." கேட்பவர்மேல் தப்பில்லை. செல்போனிலேயே பார்த்துப் பழகியவருக்கு ஃபைல்தான் படம், தாள் வெறும் செலவு. ஆனால் ஃபைலின் வெளிச்சம் அவரவர் திரைக்குத் தக்கபடி மாறும். தாளில் அப்படி இல்லை. எந்தக் கறுப்பு எவ்வளவு ஆழமாக இருக்க வேண்டும், எந்த வெள்ளைக்குள் மேகத்தின் இழை தெரிய வேண்டும் என்று படமெடுத்தவரே முடிவு செய்திருக்கிறார். வாங்குபவர் காசு கொடுப்பது அந்த முடிவுக்கு. அதைப் பொறுமையாக, ஒவ்வொருவரிடமும் சொல்லத்தான் வேண்டும்.

*

அந்த முடிவுக்கு ஓர் உதாரணம், அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் எடுத்த நிலா உதயப் படம். நெகட்டிவ் ஒன்றுதான். அதிலிருந்து வாழ்நாளில் 1,300-க்கு மேல் பிரிண்ட் போட்டிருக்கிறார். முந்தைய பிரிண்ட்களில் வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரியும். பிந்தையவற்றில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. இடையில் 1948-இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தால் வலுப்படுத்தினார். ஒரே வித்வான் ஒரே கீர்த்தனையை முப்பது வயதில் பாடுவதும் அறுபதில் பாடுவதும் போல. ஆடம்ஸும் பியானோ பயின்றவர்தான். நெகட்டிவ் இசைக்குறிப்பு, பிரிண்ட் கச்சேரி என்பது அவருடைய கொள்கை.

இத்தனை பிரிண்ட்கள் இருந்தும், 1948-இல் போட்ட ஒன்று 2006-இல் நியூயார்க் ஏலத்தில் 6,09,600 டாலருக்குப் போனது. எண்ணிக்கை குறைவாக இருந்தால்தான் மதிப்பு என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். டார்க்ரூமில் நின்று பிரிண்ட் போட்டவருடைய கை அந்த விலைக்குள் இருக்கிறது.

*

எடிஷன் என்பது சட்டென்று போடுகிற எண் இல்லை. 3/10, அதாவது பத்தில் மூன்றாவது, என்று தாளில் பென்சிலால் எழுதினால், பதினோராவது தாள் வராது என்று வாக்குக் கொடுத்தாயிற்று. எல்லா அளவுகளுக்கும் சேர்த்துப் பத்தா, அளவுக்குப் பத்தா? கலைஞர் தனக்கென வைத்துக்கொள்ளும் பிரதிகள் எத்தனை? முதல் தாள் விற்கும் முன்பே இதையெல்லாம் எழுதிவைக்க வேண்டும். விற்ற பிறகு விதி எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

*

புகைப்படக்காரர் வில்லியம் எகிள்ஸ்டன் விவகாரம் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் படிக்க வேண்டியது. அவருடைய பழைய வண்ணப் படங்கள் டை டிரான்ஸ்ஃபர் என்ற கடினமான முறையில், சிறிய எடிஷன்களாக விற்றவை. 2012-இல் அவற்றில் சிலவற்றையும் சேர்த்து 36 படங்களைப் பெரிய அளவில், டிஜிட்டல் பிக்மென்ட் பிரிண்ட்களாகப் போட்டு ஏலம் விட்டார்கள். கிட்டத்தட்ட 59 லட்சம் டாலர் வந்தது. பழைய பிரிண்ட்களை வாங்கிச் சேர்த்திருந்த ஒருவர், தன்னிடம் இருப்பவற்றின் மதிப்பு குறைகிறது என்று வழக்குப் போட்டார். புதிய முறை, புதிய அளவு என்றால் அது வேறு எடிஷன் என்று நீதிமன்றம் 2013-இல் வழக்கைத் தள்ளிவிட்டது.

சட்டப்படி எகிள்ஸ்டன் பக்கம் நியாயம். ஆனால் சட்டம் அனுமதிக்கும் எல்லையில் போய் நிற்க, பேர் இல்லாத புகைப்படக்காரரால் முடியாது. அவரிடம் வாங்குபவர் அவரை நம்பி மட்டுமே வாங்குகிறார். "பின்னால் வேறு அளவில் போடுவேன்" என்றால் முதல் நாளே, பிரிண்டோடு தரும் சான்றிதழில் சொல்லிவிட வேண்டும். போடமாட்டேன் என்றால் அதையும்.

*

இன்னொரு கோடியில் புகைப்படக்காரர் பிரெட் வெஸ்டன். 1991-இல், தன் எண்பதாவது பிறந்த நாளையொட்டித் தன் நெகட்டிவ்களை எரித்தார். தன் படத்தைத் தானன்றி வேறு யாரும் பிரிண்ட் போடக் கூடாது என்பது அவர் தீர்மானம். அப்பா எட்வர்ட் வெஸ்டன் நடுக்குவாத நோயால் டார்க்ரூமில் நிற்க முடியாமல் போனபோது அவருடைய நெகட்டிவ்களைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்த மகன்களில் இவரும் ஒருவர். இன்னொருவர் படத்தைத் தாளுக்குக் கொண்டுவருவது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று கையால் அறிந்தவர் எடுத்த முடிவு அது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. மரியாதை அதைவிட அதிகம்.

*

குறைந்த விலையைக் கேவலமாக நினைக்க வேண்டாம். 2007-இல் நியூயார்க்கில் ஜென் பெக்மன் தொடங்கிய 20x200 என்ற இணையக் கடை, சின்ன அளவில் 200 பிரதிகள், ஒவ்வொன்றும் 20 டாலர் என்று விற்றது. பெரிய அளவுக்குப் பிரதி குறைவு, விலை அதிகம். மேக்னம் என்ற புகைப்படக்காரர் கூட்டமைப்பின் ஆட்கள் ஆறு அங்குலச் சதுரப் பிரிண்ட்களைச் சில நாட்கள் மட்டும், 100 டாலருக்கு விற்றார்கள். அங்கே எண்ணுக்குப் பதில் நாள்தான் எல்லை. எல்லை எதுவானாலும் சரி, அதை முன்பே அறிவித்துக் காப்பாற்றினார்கள். முதல் பிரிண்டை வாங்கும் பள்ளி ஆசிரியருக்கும் நம்மிடம் ஒரு தாள் இருக்க வேண்டும்.

*

விலை போடும்போது மறக்கக் கூடாதவை: தாள், மை, சோதனைப் பிரிண்ட்களில் வீணாகும் தாள், மவுண்ட், ஃப்ரேம், அனுப்பும் செலவு, ஜிஎஸ்டி. கேலரி பெரும்பாலும் பாதி எடுத்துக்கொள்ளும். சுவர், வெளிச்சம், வாடிக்கையாளர் எல்லாம் அவர்களுடையது என்பதால் அதில் அநியாயம் இல்லை. ஆனால் கேலரியில் ஒரு விலை, வீட்டில் நேரே வந்தால் பாதி விலை என்று விற்பது துரோகம். எடிஷனில் தாள் குறையக் குறைய விலையை ஏற்றலாம். முதலில் நம்பி வாங்கியவருக்கு அதுவே நன்றி.

*

நம் கடற்கரை ஊர்களில் தாளுக்கு எதிரி ஈரம். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஒரு மழைக்காலம் போதும், பூஞ்சை பிடிக்க. பிரிண்ட் கண்ணாடியில் படவே கூடாது, பட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். நடுவே மவுண்ட் போர்டு இடைவெளி வேண்டும். பின்பக்கம் சாதா ஹார்டுபோர்டு நேரே படும்படி வைத்தால் அதன் அமிலம் ஏறித் தாள் பழுப்பாகும். செலோடேப் அறவே ஆகாது. அமிலமில்லாத காட்டன் ராக் தாள், பிக்மென்ட் மை என்பது குறைந்தபட்ச நேர்மை. பளீரென்று வெண்மை கூட்டிய தாள் நாளடைவில் அந்த வெண்மையை இழக்கும். கையெழுத்து ஓரத்தில், பென்சிலில். ஓதம் ஏறும் சுவரிலும் நேர் வெயிலிலும் மாட்ட வேண்டாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கூடவே வைக்க வேண்டும்.

*

பிரிண்டை விற்பது பதிப்புரிமையை விற்பதல்ல. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றத்துக்கு எழுத்து வேண்டும். வாங்கியவர் சுவரில் மாட்டலாம், மகளுக்குக் கொடுக்கலாம், மறுபடி விற்கலாம். ஓட்டல் காலண்டரில் போடுவதற்குத் தனி அனுமதி. இதையும் ரசீதிலேயே ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

*

புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங் 2008-இல் ஏழு சிறு மடிப்புப் புத்தகங்களைப் பெட்டியில் வைத்து வெளியிட்டார். விரித்து நிறுத்தினால் மேசையே கண்காட்சி. சுவரும் ஃப்ரேமும் இல்லாமலும் படத்தைப் பொருளாக்கலாம் என்று காட்டிய வேலை. சுவரே கிடைக்காத நம் புகைப்படக்காரர்கள் இதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

*

படத்தில் ஒரு மனிதர் இருந்தால், எண் போடும் முன் ஒரு நல்ல பிரிண்ட் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். வலை இழுக்கிறவரின் முகம் யாரோ ஒருவர் வரவேற்பறையில் தொங்கும்போது, அவர் வீட்டில் அது இல்லாமலிருப்பது சரியல்ல. அதற்கும் அதே தாள், அதே மை. விற்றதும் ஒரு பங்கு கொடுக்க முடிந்தால் இன்னும் சரி.

*

கடைசியாக, பதிவேடு. படத்தின் பெயர், எடுத்த ஆண்டு, பிரிண்ட் போட்ட ஆண்டு, தாள், மை, அளவு, எண், வாங்கியவர், விலை. பிரிண்ட் போட்டு முடித்த அன்றே எழுத வேண்டும். நாளை ஒருவர் தாளைக் கொண்டுவந்து "இது உங்களுடையதுதானா?" என்று கேட்டால் நினைவை நம்பிப் பதில் சொல்லக் கூடாது. நாம் இல்லாத காலத்தில் கேட்டாலும் பதில் அதில் இருக்க வேண்டும். கேமரா வாங்குவதற்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் இளைஞர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது, முதல் பிரிண்டை விற்பதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள் என்பதுதான்.