கணினியின் சூடு தணித்தல்

கல்லூரி ஆய்வுகூடத்திலே, மெழுகு பூசிய செப்புக்கோலையும் இரும்புக்கோலையும் வெந்நீரில் நிறுத்தி, எதன் மெழுகு முந்தி உருகுகின்றதெனப் பார்த்தோமல்லவா? அப்பாடம் இக்காலத்துக் கணினிக்குள்ளும் நடைபெறுகின்றது. முறைவழியாக்கியில் எழும் வெப்பத்தை அதன் மீதமர்ந்த ஹீற் சிங் என்னும் உலோகத் தொகுதி வாங்கி விசிறிக் காற்றில் விடுகின்றது. தகடுகளின் இடையே எமது செம்மண் புழுதி அடைந்தாலோ, பொறி சூடேறித் தானே நின்றுவிடும்.

புழுதி துடைப்பது எளிது, கழற்றுவதிலேதான் ஆபத்து. சென்ற ஆண்டு பல்கலைக்கழக மாணவியொருத்தி அத்தகைய கணினியொன்றை எம்மிடங் கொணர்ந்தாள். 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின்னர், தகப்பனார் அரும்பாடுபட்டு வாங்கிய பழைய பொறி அது. ஆய்வுக் கட்டுரை ஒப்படைக்க ஒன்பது நாளே இருந்தது.

ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் ஏ.எம்.4 வகை. இவ்வகையில் முறைவழியாக்கியின் அடியில் 1331 மெல்லிய ஊசிக்கால்கள் உள. இடையிற் பூசிய வெப்பப்பசை காய்ந்துவிட்டால், சொக்கற்றின் பிடியிலும் அதன் பிடி வலிதாகும். நேரே மேலிழுத்தால் முறைவழியாக்கியும் கூடவே பிடுங்குண்டு வரும்; கால்கள் வளையும், சில முறியும். இன்டெல் நிறுவனத்தார் 2004 இலேயே மேசைக் கணினிகளில் ஊசிகளைச் சொக்கற்றுக்கு மாற்றி, முறைவழியாக்கியை இரும்புச் சட்டத்தால் அமுக்கினர். ஏ.எம்.டி.யார் 2022 வரை பொறுத்திருந்தனர்!

ஆகவே, பசை இளகும்படி பொறியைச் சிறிது நேரம் இயக்கினோம். பின்னர் நிறுத்தி, மின்வடத்தைப் பிடுங்கி, எஞ்சிய மின்னும் அகலத் தொடக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தினோம். விசிறியின் வயரைக் கழற்றி, நான்கு திருகாணிகளையும் மூலைக்கு மூலை மாறிச் சிறிது சிறிதாகத் தளர்த்தினோம். தாய்ப்பலகையின் பின்தகடு விழுந்துவிடாதபடி ஒரு கை அங்கே காவலிருந்தது. இனி, இறுகிய போத்தல் மூடியைத் திறப்பதுபோல, ஹீற் சிங்கை இடமும் வலமும் மெல்லத் திருகுதல் வேண்டும். திருப்புளியால் நெம்புதல் ஆகாது. ஐந்தாறு நிமிடத்தில் அது அசைந்தது. அதன் பின்னரே தூக்கினோம். முறைவழியாக்கி தன் இடத்திலேயே இருந்தது. மாணவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பழைய பசையை ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த துணியால் துடைத்து, புதியதைப் பயற்றளவே நடுவில் இடுதல் போதும். தோசைக்கு நெய் வார்ப்பதுபோல் வார்ப்பாரும் உளர். பசை, உலோகங்களின் நுண்ணிய பள்ளங்களிலுள்ள காற்றை அகற்றுதற்கே. தடித்தால் அதுவே தடையாகும். திருகாணிகளை மீண்டும் மூலைக்கு மூலை மாறி இறுக்கி, விசிறியின் வயரை அதற்குரிய இடத்தில் மாட்டிய பின்னரே மூடியைப் பூட்டல் வேண்டும்.