குதிரைகள் மட்டுமே உள்ள படை

சதுரங்கப் பலகையில் ராஜாவைத் தவிர மற்ற எல்லாக் காய்களையும் எடுத்துவிட்டு, அத்தனை கட்டத்திலும் குதிரையை நிறுத்தி ஆடச் சொன்னால் எப்படி இருக்கும்? பார்க்க அமர்க்களமாக இருக்கும். ஜெயிக்க முடியுமா என்பது வேறு விஷயம். வார்ஹாமர் என்ற மேஜைப் போர் விளையாட்டில் வேண்டுமென்றே அப்படி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1983-ல் பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்ஷாப் வெளியிட்ட ஆட்டம் இது. ஆறடிக்கு நாலடி மேஜை, கையால் வண்ணம் தீட்டிய குட்டிக் குட்டிப் பொம்மைகள், அங்குல அளவுகோல், கை நிறையப் பகடைகள். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு விலை உண்டு; காசில் இல்லை, புள்ளியில். இருவருக்கும் ஒரே பட்ஜெட், உதாரணத்துக்கு 2000 புள்ளி. அதற்குள் யாரை வாங்குவது, யாரை விடுவது என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும்.

இதில் பிரெட்டோனியா என்று ஒரு நாடு. இடைக்கால பிரான்சையும் ஆர்தர் மன்னன் கதைகளையும் குழைத்துச் செய்தது. கவசம் பூட்டிய குதிரை, நீண்ட ஈட்டி, ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனிக் குலச்சின்னம். 2004-ல் வந்த அவர்களுடைய விதிப்புத்தகத்தில் வில்லாளிகளும் காலாட்களும் கல்லெறியும் பொறியும்கூட உண்டு. கொஞ்சம் அது, கொஞ்சம் இது என்று கலந்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் சிலர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் குதிரை, மேலும் குதிரை என்றே வாங்குவார்கள். ஒரு நைட்டின் விலை 24 புள்ளி; குடியானவக் காலாளின் விலை 5. மொத்தப் பணத்தையும் நாலே நாலு பங்கில் போடாதே என்று வணிகவியல் பேராசிரியர்கள் தொண்டை வறளச் சொல்வது இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் :-)

பதிலுக்குக் கிடைப்பது வேகம். காலாள் ஒரு முறைக்கு 4 அங்குலம் நடப்பான், பாய்ந்தால் 8. பிரெட்டோனியக் குதிரை 8 அங்குலம் போகும், பாய்ந்தால் 16. மற்ற நாட்டுக் குதிரைகள் கவசம் சுமந்தால் ஓர் அங்குலம் குறையும். இவற்றுக்கு அதுவும் கிடையாது. புதிதாக ஆட வருகிறவர் இதைப் பார்த்ததும் என்ன செய்வார்? இரண்டாவது முறையிலேயே நேராகப் போய் மோதுவார். மோதித் தோற்பார். ஏன் என்று அவருக்குப் புரியவே புரியாது.

கணக்கு இதுதான். அந்தக் கால விதிப்படி, சண்டை முடிந்ததும் இரு பக்கமும் மதிப்பெண் கூட்டும். கொன்ற தலைக்கு ஒன்று. பின்னால் நிற்கும் வரிசைக்கு ஒன்று, அதிகபட்சம் மூன்று. கொடிக்கு ஒன்று. ஆள் பலத்துக்கு ஒன்று. ஐந்துக்கு ஐந்தாக நிற்கும் 25 காலாட்கள் வாளை உருவாமலே 5 மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். மும்மூன்றாக நிற்கும் ஒன்பது நைட்டுகளிடம் வரிசைக்கு இரண்டும் கொடிக்கு ஒன்றுமாக 3. தன் பக்கம் யாரும் விழாமல் ஐந்து பேரைக் கொன்றால் 8-க்கு 5. தோற்றவர் இரண்டு பகடை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை அவருடைய மனஉறுதி எண்ணில் தோல்வி வித்தியாசத்தைக் கழித்த அளவுக்குள் விழுந்தால் நிற்பார், தாண்டினால் ஓடுவார். சாதாரணக் காலாளின் மனஉறுதி 7. மூன்று போனால் 4. அதாவது 36-க்கு 6 வாய்ப்பு. பரவாயில்லையே என்கிறீர்களா? பக்கத்தில் 9 உறுதியுள்ள தளபதி நின்றால் அது 36-க்கு 15. பகடை காலை வாரி இரண்டே பேர் விழுந்தால் 5-க்கு 5, யாரும் ஓடவே மாட்டார்கள்.

ஓடாவிட்டால் அவ்வளவுதான். ஈட்டி கொடுக்கும் கூடுதல் பலம் பாய்ந்து வரும் அந்த ஒரு முறைக்கு மட்டும். அடுத்த முறை அந்த நைட் வெறும் விலை உயர்ந்த ஆள், அவ்வளவே. அதற்குள் பக்கத்துக் காலாட்கள் நிதானமாகத் திரும்பி விலாவில் வந்து நிற்பார்கள். ஆடுபுலி ஆட்டத்தில் நகர முடியாத புலிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான்.

இப்போது அதே ஒன்பது பேர் அதே 25 பேரைப் பக்கவாட்டில் தாக்கட்டும். வரிசைக்கான மூன்று மதிப்பெண் காணாமல் போகும். பக்கவாட்டுத் தாக்குதலுக்கு இவர்களுக்கு ஒன்று கூடும். 9-க்கு 2. வித்தியாசம் 7. தளபதியே நின்றாலும் இரண்டு பகடையிலும் ஒன்று விழுந்தால்தான் நிற்க முடியும். 36-க்கு ஒரே வாய்ப்பு.

ஆக, வேகம் மோதுவதற்கு அல்ல, சுற்றிப் போவதற்கு. நல்ல குதிரைப்படை ஆட்டக்காரர் முதல் இரண்டு மூன்று முறை யாரையும் தொடுவதே இல்லை. மொத்தமே ஆறு முறைதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய பொறுமை என்று தெரியும். இன்னொரு வேடிக்கை, மேஜையிலேயே வேகமான இந்தப் படை முதல் முறையை விட்டுக்கொடுத்துவிட்டு மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்யும். அப்படிச் செய்தால் அவர்களுடைய தேவதையின் அருள் பீரங்கிக் குண்டிலிருந்து ஓரளவு காக்கும். எதிராளி சுடச் சுடக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தப் பொறுமையைக் கெடுப்பதற்கென்றே எதிராளி தூண்டில் போடுவார். நாலைந்து அற்பப் பொம்மைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்துவார். பாய்ந்தால் அவை ஓடிவிடும். குதிரைகள் பாதி வழியில் விலாவைக் காட்டிக்கொண்டு நிற்கும். இது தெரிந்த ஆட்டக்காரர் பாயமாட்டார். ஆனால் அவருடைய இளம் நைட்டுகள் பாய்வார்கள்! எதிரி எட்டும் தூரத்தில் வந்தால் மனஉறுதிப் பகடை உருட்ட வேண்டும், தவறினால் பாய்ந்தே ஆக வேண்டும் என்று அந்த இளவட்டங்களுக்கு விதியே இருந்தது. விலை 20 புள்ளி. நாலு புள்ளி தள்ளுபடி எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

இதெல்லாம் 2010 வரை. அந்த வருடம் வந்த எட்டாம் பதிப்பு ஒரே ஒரு விதியால் கதையை மாற்றியது. தாக்கியவரைவிட அதிக வரிசை வைத்திருக்கும் படை தோற்றாலும், வித்தியாசத்தைக் கழிக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் அடித்தாலும் அப்படியே. மேலே சொன்ன 36-க்கு ஒன்று, தளபதி பக்கத்தில் இருந்தால் 36-க்கு 30 ஆகிவிட்டது. பாயும் தூரத்தையும் பகடையே முடிவு செய்தது. நாற்பது ஐம்பது காலாட்களை ஒரே கும்பலாக நிறுத்துவது நாகரிகமாயிற்று. சுற்றிப் போவதற்கே அர்த்தமில்லை என்றால் குதிரை எதற்கு? விதிப்புத்தகமோ அதே 2004-ஆம் வருடத்தது, புதுப்பிக்கப்படவே இல்லை. ஒவ்வொரு கேடயத்துக்கும் தனிச்சின்னம் வரைந்து, மாதக்கணக்கில் இரவு விளக்கடியில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மூழ்கிய செலவை மறந்துவிட்டு முடிவெடு என்கிறது பாடப்புத்தகம். அதை எழுதியவர் ஐம்பது குதிரைகளுக்குப் பெயிண்ட் அடித்திருக்க மாட்டார்.

2015-ல் நிறுவனம் அந்த ஆட்டத்தையே மூடிவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தது. சதுர அடிப்பலகை போய் வட்டம் வந்தது. நைட்டுகள் விற்பனையிலிருந்தும் மறைந்தார்கள். சிலர் விற்றார்கள். பலர் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினார்கள்.

2024 ஜனவரியில் பழைய உலகம் 'தி ஓல்ட் வேர்ல்ட்' என்ற பெயரில் திரும்பி வந்தது. முதலில் வந்த இரண்டு படைகளில் ஒன்று பிரெட்டோனியா. தோற்ற படை மொத்தமாக ஓடலாம், ஒழுங்காகப் பின்வாங்கலாம், இல்லை கொஞ்சம் இடம் கொடுத்து நிற்கலாம் என்று புது விதிகள். ஒரே ஒரு சிக்கல். பழைய குதிரைகளின் அடிப்பலகை 25-க்கு 50 மில்லிமீட்டர். புதியது 30-க்கு 60. பரணிலிருந்து இறக்கிய குதிரைகளைப் பெயர்த்தெடுத்தால் கால் உடையும். அதனால் பலகையோடு சேர்த்து அப்படியே இன்னொரு பெரிய பலகையில் ஒட்டி, சுற்றியுள்ள இடைவெளியில் கொஞ்சம் மணலும் பச்சைப் பெயிண்டும் பூசிக்கொள்கிறார்கள். ஒரு மாலையில் பத்துக் குதிரை முடிக்கலாம்.