அடிபம்புக்கு ஒரு செம்பு தண்ணீர்

ஆயி,

கல்யாணமாகிப் போன வீட்டில் உனக்கு இது முதல் ஐப்பசி. வேதாரண்யம் பக்கம் வாக்கப்பட்டவளுக்குத் தீபாவளிச் சீரோடு இதையும் சொல்லி அனுப்ப வேண்டியது அப்பாயி கடமை. போனில் சொன்னால் ‘சரி சரி’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு பெரும்புயல் பார்த்தவள் நான். 1977 நவம்பர் 12-இல் நாகப்பட்டினத்தில் ஏறியது ஒன்று. 2018 நவம்பர் 16 நடுச்சாமத்துக்குப் பிறகு, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் ஏறிய கஜா இன்னொன்று. இரண்டுமே ஐப்பசிக் கடைசி. முதல் புயலில் எங்களுக்குக் கீற்று வீடு. தெருவே ஒரு ஓட்டு வீட்டுக்குள் அடைந்து கிடந்துவிட்டு, விடிந்து வந்து பார்த்தால் எங்கள் வீட்டில் நாலு கால் மட்டும் நின்றது. கஜா வந்தபோது இருந்தது உன் தாத்தா கட்டிய தளம் போட்ட வீடு. ஒரு கீறல் விழவில்லை. ஆனாலும் எந்தப் புயலில் அதிகம் திண்டாடினாய் என்று கேட்டால், கஜாவில்தான் என்பேன்.

1977-இல் போவதற்கு எங்களிடம் கரண்ட்டே கிடையாது. அரிக்கேன் விளக்கு, விறகடுப்பு, கிணறு. கூரையைக் கட்டிக்கொண்டதும் குடித்தனம் நடந்தது. கஜாவில் வீடு நின்றது, கரண்ட் போனது. வாரக்கணக்கில் வரவில்லை. அரிசி இருந்தது, சிலிண்டர் இருந்தது, உலை வைக்கத் தண்ணீர் இல்லை. மாடியில் இருந்த பிளாஸ்டிக் டாங்க்கை அரைகுறையாக விட்டிருந்தோம். காற்று அதை உருட்டிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கொல்லையில் போட்டுவிட்டது. கழுத்துவரை நிரம்பியிருந்தால் கனத்துக்காவது நின்றிருக்கும். மோட்டார் போட்ட அன்றே அடிபம்பைக் கழற்றி எடைக்குப் போட்ட புத்திசாலியும் நான்தான். பிறகு ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து ஊர் டாங்க்கில் ஏற்றினார்கள். அங்கே குடத்தோடு வரிசையில் நின்றபோதுதான், வீடு பலமானதும் குடித்தனம் இளைத்துப்போனதை யோசித்தேன்.

புயல் ஒரு ராத்திரி. அதற்காக எல்லோரும் ஆணி அடிக்கிறார்கள், கயிறு கட்டுகிறார்கள். நீ அதற்குப் பின்னால் வரும் இருபது நாளுக்குச் சேர்த்து வை. உன் மாமனாரின் மாத்திரை ஒரு மாதத்துக்கு இருக்கட்டும். பணத்தைச் சில்லறை நோட்டாக வை. அந்த நாட்களில் கார்டு செல்லாது, ஐந்நூறுக்கு யாரிடமும் மீதி இருக்காது. ரேஷன் கார்டு, பட்டா, பாஸ்புக்கெல்லாம் ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு இறுக்கி மூடிப் பரணில் ஏற்று.

தென்னை விஷயத்தை ஆம்பளைகள் வேலை என்று விட்டுவிடாதே. கீழ்மட்டையையும் முற்றின குலையையும் முன்னாடியே இறக்கிவிட்டால் மரத்துக்குத் தலைக்கனம் குறையும். அப்படியும் விழுகிறது விழும். கஜாவில் லட்சக்கணக்கில் விழுந்தன. (யானை என்று பொருள் வரும் அந்தப் பெயரைக் கொடுத்தது இலங்கை. பொருத்தம்தான்.) மரம் நிற்கிற பக்கத்து அறையில் மட்டும் யாரையும் படுக்க விடாதே. மாட்டைக் கட்டிப் போடாமல் அவிழ்த்து விட்டுவிடு, அது மேடு தேடிப் போய்க்கொள்ளும்.

கஜா வந்த ராத்திரி காற்று முதலில் வடக்கேயிருந்து அடித்தது. கதவு மாரில் அடிப்பதுபோல் அடித்துக்கொண்டது. பிறகு திடீரென்று ஓய்ந்தது. கொசு பாடுவது கேட்டது. ‘விட்டுருச்சு’ என்று உன் சின்னத்தாத்தா டார்ச்சை எடுத்துக்கொண்டு தோப்பைப் பார்க்கக் கிளம்பினார். நான் கதவுக்கு உலக்கையை முட்டுக்கொடுத்து அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். அது புயலின் கண் நம்மைக் கடக்கிற நேரம். அது தாண்டினதும் காற்று தெற்கேயிருந்து திரும்பி வந்தது. முதல் அடியில் சாய்ந்தும் வேரைப் பிடித்துக்கொண்டு நின்ற மரங்களை இந்த இரண்டாம் அடிதான் முறுக்கிப் பிடுங்கிப் போட்டது. அதற்கப்புறம் சின்னத்தாத்தா விடியும்வரை என்னோடு பேசவில்லை. விடிந்ததும் தோப்பைப் பார்த்துவிட்டு வந்து காப்பி கேட்டார்.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்களே, அதில் 10-ஆம் எண் பெரும் அபாயம். அதற்கு மேலே 11 ஒன்று உண்டு. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனது என்று அதற்கு அர்த்தம். வீட்டுக்கும் அந்த 11 வரும். கஜாவில் போன் செத்துப்போய், திருப்பூரில் இருந்த உன் அப்பன் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தான். அதனால் இப்போதே சொல்லி வை: ‘போன் போகவில்லை என்றால் பதறாதீர்கள், நாங்கள் இன்ன பள்ளிக்கூடத்தில் இருப்போம்’ என்று. வெளியூரில் ஒருத்தரைக் குறித்துக்கொள். யாருக்கு லைன் கிடைத்தாலும் அவருக்குத்தான் முதல் தகவல்.

இதையெல்லாம் உன் மாமியாரிடம் ‘எங்க அப்பாயி சொன்னாங்க’ என்று ஆரம்பிக்காதே. ‘கஜாவுல நீங்க என்ன செஞ்சீங்க அத்தை?’ என்று கேள். என்னைவிட நடுவில் நின்று வாங்கினவர்கள் அவர்கள். பாதி நாளுக்கு அந்தக் கதை ஓடும், எழுந்து போய்விடாதே.

விருந்துக்கு வந்தபோது பார்த்தேன், உங்கள் கொல்லையில் ஓர் அடிபம்பு இருக்கிறது. அதன் கைப்பிடியில் துணிக்கொடி கட்டியிருக்கிறீர்கள். கொடியை வேறு எங்காவது மாற்று. தண்ணீர் உப்புக் கரித்தாலும் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் ஆகும். குடிக்கத் தனியாகக் குடங்களில் பிடித்துக்கொள். பல நாள் ஓடாத பம்பு வெறுமனே அடித்தால் ஏறாது, மேலே ஒரு செம்பு ஊற்றி அடிக்க வேண்டும். அந்த ஒரு செம்பைக் குடிக்கிற கணக்கில் சேர்க்காதே. உள்ளே தோல் வாசர் காய்ந்து வெடித்திருக்கும். கழற்றி அளவு எடுத்து வை, தீபாவளிக்கு வரும்போது புதுசு வாங்கி வருகிறேன்.