குறைத்து வைத்துக் கேளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கட்டார்லருந்து மாமா கிட்டார் கொண்டு வந்தாராமே?" என்று பெருநாளுக்குப் பிறகு பாதி ஊர் எங்களிடம் கேட்டுவிட்டது. உண்மைதான், கொண்டு வந்தார். மருமகனுக்கு வயது 13, மாமாவுக்கு மனசு பெரிசு. வந்தது எலக்ட்ரிக் கிட்டார். அதற்கு ஒரு அம்ப் வேண்டும் என்று கொடுத்தவருக்கும் ஞாபகம் வரவில்லை, வாங்கிய எங்களுக்கும் தெரியாது. இப்போது இரண்டு பெற்றோர் இன்பொக்ஸில் "எந்த அம்ப் நல்லது, எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம். இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தைக் கீழே தொடங்க வேண்டாம் என்று அன்பாகக் கேட்கிறோம். எங்கள் வீட்டுக்குள்ளேயே அதில் இரண்டு கருத்து. உம்மும்மா இன்னும் அந்தப் பெட்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

முதல் மாதம் மகன் ஹோலில் இருக்கிற ஹோம் தியேட்டர் செட்டில்தான் வயரைக் குத்தினான். மெதுவாக வைத்தால் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கின சத்தம். போனில் ஒரு எஃபெக்ட் போட்டுக் கூட்டினால் தகரத்தில் மணல் கொட்டுகிற மாதிரி. கிட்டார்தான் பழுது என்று நினைத்தோம். பழுது அதில் இல்லை. கம்பிகளுக்குக் கீழே இருக்கிற பிக்அப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய கம்பி. அதிலிருந்து வருகிற சமிக்ஞை மிகவும் பலவீனமானது. அதை வாங்குகிற இடத்தில் 10 இலட்சம் ஓம் அளவுக்குத் தடை இருக்க வேண்டும். சாதாரண செட்டின் ஓக்ஸ் வாயில் சில பத்தாயிரம் ஓம்தான். அதனால் மேல் சுரங்களின் துலக்கம் அங்கேயே செத்துவிடுகிறது. அதோடு, கிட்டார் ஸ்பீக்கர் கூர்மையான உச்ச சத்தங்களைத் தானாகவே வெட்டிவிடும். பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் வெட்டாது. அந்த மணல் சத்தம் அதுதான். (எங்களில் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் என்பதால் இந்தப் பந்தி இவ்வளவு நீண்டுவிட்டது. மற்றவர் தமிழ்ப் பாடம். மன்னிக்கவும்.)

ஆக அம்ப் வாங்கத்தான் வேண்டும். கையில் இருந்தது சீட்டுக் காசு 40,000 ரூபா. அது முதலில் கூரை ஒழுக்குக்கு என்று வைத்திருந்த காசு.

ஒரு வேலையாகக் கொழும்புக்குப் போனபோது ஒரு கடைக்குள் நுழைந்தோம். "எத்தன வாட் வேணும்?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி. 15ஐக் காட்டி, அதைவிட 50, அதைவிட 100 என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். அரிசி மூட்டை வாங்குகிற மாதிரி எங்களுக்கும் கூடினது நல்லது என்றே பட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 10 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனாலும் காதுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத்தான் கேட்கும், பத்து மடங்காக இல்லை. 10க்கும் 15க்கும் இடையிலான வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். இன்னொன்று, நல்ல பெரிய கிட்டார் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் 95 டெசிபலுக்கு மேல் கத்தும். எங்கள் வீட்டில் அறையின் நீளமே மூன்று மீற்றர். கல்முனைப் பக்கம் வீடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வீட்டுக் குசினியில் கரண்டி விழுந்தால் அடுத்த வீட்டில் "என்னகா உடைஞ்ச?" என்று கேட்பார்கள். ஐம்பது வாட்டை வைத்து நாங்கள் என்ன செய்ய?

அப்படியென்றால் சத்தமே வராதது எடுப்போம் என்று மறுபக்கம் சாய்ந்தோம். வொக்ஸ் அம்ப்பிளக் என்று ஒன்று இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும். கிட்டாரிலேயே நேராகக் குத்தி, ஹெட்செட்டை மாட்டினால் முடிந்தது. இரண்டு சின்ன பற்றரி போதும். விலையும் பெரிய அம்புகளைவிட எவ்வளவோ குறைவு. கூரைக்கும் காசு மிஞ்சும். எங்களுக்கு மெத்தப் பிடித்துப் போனது. மகனிடம் போனில் படத்தைக் காட்டினோம்.

அவன் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இத மாட்டினா வெளியில ஒருத்தருக்கும் கேக்காது, என்ன உம்மா? அதுக்குத்தானே?"

கோபமாகக் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டான். நாங்கள் இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டாருக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, இரண்டு டீச்சர்மார் வீட்டிலிருந்து கிட்டார் சத்தம் வருகிறது என்று யாரும் பேசக்கூடாது என்பது. புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளி குறைந்த நாளிலிருந்து இந்தப் பிள்ளை வீட்டில் கதைப்பதே குறைவு. கல்வியியற் கல்லூரியில் எங்கள் இருவருக்கும் முதலில் பழக்கியதே கடைசி வாங்குக்கும் கேட்கிற மாதிரிப் பேசத்தான். சொந்தப் பிள்ளைக்கு மட்டும் ஹெட்செட் தேடிக்கொண்டிருந்தோம்.

அம்ப்பிளக்கைக் குறை சொல்லவில்லை. இரவில் பழகுகிறவர்களுக்கு அது மலிவான வழிதான். எங்கள் காரணம்தான் சரியில்லை.

பிறகு திரும்பத் தேடினோம். பெண்டர் ஃப்ரண்ட்மேன் 10ஜீ பார்த்தோம். பத்து வாட், ஆறு அங்குல ஸ்பீக்கர், ஹெட்செட் வாயும் உண்டு. தொடங்குகிற பிள்ளைக்குக் குறையில்லை, ஆனால் பெட்டி சின்னது, சத்தமும் பெட்டிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ரோலண்ட் மைக்ரோ கியூப் பற்றரியிலும் ஓடும். 2022இல் கரண்ட் வெட்டில் இருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அதன் ஸ்பீக்கர் ஐந்து அங்குலம்தான். பொஸ் கட்டானா 50ஐ அரை வாட்டுக்கு இறக்கி வைக்க ஒரு திருகி இருக்கிறது. 12 அங்குல ஸ்பீக்கர், வீட்டுக்கும் மேடைக்கும் சரி. எங்கள் காசுக்குச் சரியில்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தது என்று ஒன்று மலிவாக வந்தது. பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். 120 வோல்ட் என்று போட்டிருந்தது. நம் 230இல் நேராகக் குத்தினால் அன்றைக்கே புகைதான். ட்ரான்ஸ்போமர் வேறாக வாங்க வேண்டும். பாவித்த சாமான் வாங்குகிறவர்கள் இதை மட்டும் மறக்காமல் பாருங்கள்.

கடைசியில் மட்டக்களப்பில், சேர்ச்சில் வாசிக்கிற ஒரு தம்பியிடம் பாவித்த ஒரேஞ்ச் க்ரஷ் 20 இருந்தது. இருபது வாட், எட்டு அங்குலம். அவர் வீட்டுக்கே மகனையும் கூட்டிக்கொண்டு போனோம். நாங்கள் ஆர்வத்தில் வொலியூமைக் கூட்டப் போனோம். தம்பி கையைப் பிடித்துவிட்டார்.

"கூட்டி வச்சுக் கேக்காதீங்க சேர். கூட்டினா எல்லா அம்பும் நல்லாத்தான் இருக்கும். குறைச்சு வச்சுக் கேளுங்க. வீட்டில அப்படித்தானே வாசிக்கப் போறார்?"

நாங்கள் பார்த்ததில், கேட்டதில், அந்த ஒரு பேச்சுக்குத்தான் காசு கொடுக்கலாம். நாங்கள் பக்கத்திலிருந்து கதைக்கிற குரல் அளவுக்கு அவர் இறக்கி வைத்தார். அப்போதும் ஒவ்வொரு கம்பியும் தனியாகக் கேட்டது, அடிக் கம்பியில் கனம் இருந்தது. பிறகு கரகரப்பான பக்கத்துக்கு மாற்றி, கெய்னைக் கூட்டி வொலியூமைக் குறைக்கக் காட்டினார். ரொக் பாட்டு மாதிரிக் கேட்கிறது, கதவுக்கு வெளியே போகவில்லை. வால்வ் அம்ப் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். அதில் பல, கூட்டி வைத்தால்தான் தன் குணத்தைக் காட்டும். நம் வீடுகளுக்கு அது வேண்டாம்.

ஒரு திருகியைத் திருப்பும்போது கறகற என்றது. தூசிதான், கொன்டாக்ட் க்ளீனர் அடித்தால் போய்விடும் என்று அவரே சொல்லி 2,000 குறைத்தார். வயர் குத்துகிற வாயை ஆட்டிப் பார்த்தோம், சத்தம் விட்டுவிட்டு வரவில்லை. 36,000க்கு முடிந்தது. கூரை இன்னும் ஒழுகுகிறது. மழைக்கு முன் பார்க்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

வீட்டில் முதல் நாள் தரையில், சுவர் மூலையோடு வைத்தோம். அடிச் சத்தம் கும் கும் என்று சுவருக்குள் போனது. பிளாஸ்டிக் கதிரையில் ஏற்றி, மூலையை விட்டு இழுத்து, மகனின் முகத்தைப் பார்த்துத் திருப்பினோம். பாதி வொலியூமில் போதுமாகிவிட்டது. அஸருக்குப் பிறகு வாசிப்பான், மஃரிப் பாங்குக்கு முன் நிறுத்துவான். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ராத்தாவிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னோம், இடைஞ்சல் என்றால் உடனே சொல்லுங்கள் என்று.

மூன்றாவது வாரம் ராத்தா வந்தார். எங்களுக்கு நெஞ்சு திக்கென்றது.

"சத்தம் ஒண்டுமில்ல" என்றார். "ஆனா உங்கட மகன் அந்த ஒரு துண்டையேதான் வாசிக்கிறான். அதுக்கு மிச்சம் இரிக்கா இல்லையா எண்டு கேட்டுட்டுப் போகத்தான் வந்தன்."

மகன் உள்ளேயிருந்து, "இரிக்கு மாமி, அடுத்த கிழமை!" என்றான்.