தறி நம்மளது, பாவு அவங்களது

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு இருக்கிறது. தெருவில் நின்று பார்த்தால் குறுகலாகத் தெரியும், உள்ளே நுழைந்தால் போய்க்கொண்டே இருக்கும். திண்ணை, அப்பாவின் குழித்தறி இருக்கும் கூடம், சமையலறை, சின்ன முற்றம், கடைசியில் என் அறை. காஞ்சிபுரத்தில் நெசவாளர்களின் பழைய வீடுகள் பலவும் இந்த வாகுதான். பாவுக்கு நீளம் வேண்டும், அதனால் வீட்டுக்கும் நீளம்.

இந்த நீளத்தை நெசவுக்காகக் கட்டினார்களே தவிர வைஃபைக்காகக் கட்டவில்லை. ஃபைபர் இழுத்துவந்த தம்பி வாசலுக்குப் பக்கத்திலேயே பெட்டியை அடித்துவிட்டுப் போய்விட்டார். கூடம் வரைக்கும் சிக்னல் வரும். நடுவில் இரண்டு தடித்த செங்கல் சுவர்கள். என் அறைக்கு வரும்போது ஒரு கோடுதான் மிச்சம், அதுவும் முற்றத்துக் கதவைத் திறந்து வைத்தால்.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அண்ணி தறிப்பக்கத்தில் உட்கார்ந்து வெளியூர்க்காரர்களுக்கு வீடியோ காலில் புடவை காட்டுவார். முகூர்த்தத்துக்கு எடுப்பவர்கள் உடம்பு நிறத்தையும் கரை நிறத்தையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்வார்கள். படம் உறைந்து நின்றால் அரக்கு எது, மாம்பழக் கலர் எது என்று தெரியாது. "அப்புறம் கூப்பிடுறோம்" என்பார்கள். அநேகமாகக் கூப்பிட மாட்டார்கள்.

அந்தப் பெட்டிக்குள் உண்மையில் மூன்று வேலைகள் நடக்கின்றன. ஃபைபரில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது முதல் வேலை. அதைச் செய்யும் பகுதிக்கு ஓஎன்டி என்று பெயர், நாம் பழக்கத்தில் மோடம் என்கிறோம். யூசர்நேம் பாஸ்வேர்ட் கொடுத்து கம்பெனியின் நெட்வொர்க்கோடு இணைந்து, கிடைக்கிற ஒரே முகவரியை வீட்டில் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் பங்கு போடுவது இரண்டாவது. ரவுட்டர் என்பது இதுதான். மூன்றாவது வைஃபை. முதல் வேலைக்கு மட்டும்தான் கம்பெனியின் பெட்டி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் எதிர்முனையில் இருக்கும் அவர்களுடைய கருவி அடையாளம் தெரிந்த ஓஎன்டியைத்தான் சேர்த்துக்கொள்ளும். மற்ற இரண்டையும் நாம் வாங்கிய ரவுட்டரே செய்யலாம்.

சிக்னல் மட்டும்தான் பிரச்சினை என்றால் இன்னொரு சின்னப் பெட்டியை வைத்து நீட்டித்துக்கொண்டு விட்டிருப்பேன். ஒருநாள் காலையில் எழுந்தால் வைஃபை பெயர், பாஸ்வேர்ட், நான் போட்டு வைத்திருந்த அமைப்புகள் எல்லாம் போய், பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த பழைய பெயருக்கே திரும்பியிருந்தது. யாரும் வீட்டுக்கு வரவில்லை. லைன்மேன் தம்பிக்கு போன் செய்தேன். "கம்பெனிலருந்தே அப்டேட் விட்டிருப்பாங்கண்ணா" என்றார். அட்மின் பாஸ்வேர்டாவது கொடு என்றேன். "அதெல்லாம் குடுக்கக் கூடாதுண்ணா. அது கம்பெனி பொருளு."

அவர் சொன்னது உண்மைதான். டிஆர்-069 என்று ஒரு நெறிமுறை 2004-இல் வெளியானது. லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கும் பெட்டிகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்த, புதுப்பிக்க, மீட்டமைக்க அது வழிசெய்கிறது. இதில் சதி எதுவும் இல்லை. அப்பா மாதிரி ஆள் மட்டும் இருக்கும் வீட்டில் அது உதவிதான், ஒருத்தர் வந்து ஏணி போட வேண்டியதில்லை. ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே வாசல் என்றால் அந்த வாசலைத் தேடி மற்றவர்களும் வருவார்கள். 2016 நவம்பரில் மிராய் என்ற தீம்பொருளின் ஒரு வகை இந்தத் தொலைநிர்வாக வாசலைத் தட்டியதில், ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேருக்கு இணைப்பு தடைபட்டது. 2017 ஜூலையில் இங்கே பிஎஸ்என்எல் மோடம்களைத் தீம்பொருள் தாக்கியது. மாட்டியவை, வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றாமலே விட்டிருந்தவை. மாற்றச் சொல்லி நிறுவனமே கேட்டுக்கொண்டது.

நான் ஒரு ரவுட்டர் வாங்கிவந்து, பெட்டியை பிரிட்ஜ் மோடில் போட்டுத் தரச் சொன்னேன். அப்படிப் போட்டால் பெட்டி ஒளியை மாற்றும் வேலையை மட்டும் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், உள்நுழைவதை நம் ரவுட்டர் பார்த்துக்கொள்ளும். இதற்கு மூன்று தகவல்கள் வேண்டும்: யூசர்நேம், பாஸ்வேர்ட், விலேன் எண். வாடிக்கையாளர் சேவையில் மூன்று முறை கூப்பிட்டும் மூன்று பேரும் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள். கடைசியில் அதே லைன்மேன் தம்பி நேரில் வந்து பத்து நிமிஷத்தில் முடித்தார். லேண்ட்லைன் அதே பெட்டியில் இருப்பதால், அதற்கான தனி அமைப்பைத் தொடாமல் இன்டர்நெட்டை மட்டும் மாற்றினார். ரவுட்டரை முற்றத்து ஓரம் வரை கேபிள் இழுத்து வீட்டின் நடுவில் வைத்தேன். அன்று சாயங்காலம் அண்ணியின் காலில் ஒரு பாட்டி ஜரிகையை எண்ணாத குறையாகப் பார்த்தார்.

பிரிட்ஜ் தர மறுத்தால்? பெட்டியின் வைஃபையை மட்டும் அணைத்துவிட்டு நம் ரவுட்டரை அதன் பின்னால் சொருகலாம். முகவரி இரண்டு முறை மாறும், டபுள் நேட் என்பார்கள். படம் பார்க்க, கால் பேச, ஆபீஸ் வேலைக்கு அது அநேகமாக இடைஞ்சல் செய்யாது. வெளியிலிருந்து நம் வீட்டு கேமராவுக்கோ கணினிக்கோ நேராக உள்ளே வர வேண்டும் என்றால்தான் சிக்கல்.

இதையெல்லாம் தறியில் உட்கார்ந்தபடியே கவனித்துக்கொண்டிருந்த அப்பா, தம்பி போனதும் கேட்டார்.

"இப்ப எது நம்மளது, எது அவங்களது?"

பெட்டியும் வெளியே போகிற ஒயரும் அவங்களது, இந்தப் பக்கம் எல்லாம் நம்மளது என்றேன்.

"அப்ப சரி. தறி நம்மளது, பாவு அவங்களது."

கூலிக்கு நெய்கிறவரின் கணக்கு இது. கச்சாப்பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், அல்லது கூட்டுறவுச் சங்கம் கொடுக்கும். நெய்த புடவை அவர்களுக்குப் போகும், கூலி இவருக்கு. வீட்டுக்குள் குழி தோண்டி இறக்கிய தறி மட்டும் சொந்தம். தறியும் முதலாளியுடையது என்றால், அவரோடு மனஸ்தாபம் வரும் நாளில் வீட்டுக் கூடமே காலியாகிவிடும்.

தறி சொந்தம் என்பதாலேயே நெசவாளர் சுதந்திரமாக இருந்துவிடவில்லை. இந்த ஊரில் முன்பணம் என்ற சொல்லுக்குக் கனம் அதிகம். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கிய தொகை அடையும்வரை வேறு ஒருவருக்கு நெய்ய முடியாது. அந்தக் கடனுக்காகப் பிள்ளைகளும் தறியில் உட்கார்ந்த காலம் இருந்தது. அப்பா நாலு வருஷம் ஒரு முன்பணத்தை அடைத்த பிறகுதான் சங்கத்துக்கு மாறினார். அன்றைக்கு மாறியது பாவு மட்டும். தறி அதே குழியில் இருந்தது.

"இன்ஸ்டலேஷன் இலவசம், மோடம் இலவசம்" என்று தெருமுனையில் தொங்கும் பேனரைப் பார்க்கும்போது எனக்கு அந்த நாலு வருஷம் நினைவுக்கு வருகிறது. இரண்டும் ஒரே எடை இல்லை, ஒன்றில் வாழ்க்கை இருந்தது, இன்னொன்றில் மாதம் சில நூறு ரூபாய். கேள்வி மட்டும் ஒன்றுதான்: நாளைக்கு வேண்டாம் என்றால் விலக முடியுமா?

இதற்காக வழக்காடியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏடி அண்ட் டியின் தொலைபேசி இணைப்பில் அந்த நிறுவனம் தராத கருவியைப் பொருத்த நெடுங்காலம் தடை இருந்தது. கார்ட்டர்ஃபோன் என்ற கருவி தொடர்பாக 1968-இல் வந்த தீர்ப்பு அதைத் தளர்த்தியது. பிறகு வந்த ஆன்சரிங் மெஷினுக்கும் வீட்டு மோடத்துக்கும் அது வழிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல், இணையத்தை விருப்பப்பட்ட கருவி வழியாகப் பயன்படுத்துவது பயனரின் உரிமை என்று விதித்தது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், ரவுட்டரை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம் என்பது சட்டம். இங்கே எனக்கு அது ஒரு லைன்மேனின் நல்ல மனசில் கிடைத்தது.

சொந்த ரவுட்டரோடு சொந்தப் பொறுப்பும் வந்தது. பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று நான்தான் பார்க்க வேண்டும். ராத்திரி நெட் நின்றால் முதல் குரல் என் பெயரைச் சொல்லித்தான் வரும். கம்பெனியும் "உங்க ரவுட்டர்ல பிரச்சினை சார்" என்று எளிதாகக் கைகழுவும். இவ்வளவுக்கும் பிறகு வெளி முகவரி முழுசாக என்னுடையது இல்லை. ஐபிவி4 முகவரிகள் பற்றாமல், ஒரே முகவரியைப் பல வீடுகளுக்கு கம்பெனியே பங்கு போடுகிறது. 100.64 என்று தொடங்கும் எண்ணை ரவுட்டரில் பார்த்தால் நீங்களும் அந்தக் கூட்டுக்குடும்பத்தில் ஒருவர்.

போன வருஷம் வேறு கம்பெனிக்கு மாறினோம். புதுப் பெட்டி, புது யூசர்நேம், ஒரு ஒயரைக் கழற்றி இன்னொன்று. அண்ணியின் டேப், டிவி, என் லேப்டாப், கூடத்து கேமரா எதற்கும் விஷயமே தெரியாது, அதே பெயர், அதே பாஸ்வேர்ட். எத்தனை நேரம் ஆச்சு என்று அப்பா கேட்டார். அரை மணி என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாடாவை எடுத்து அடுத்த இழையை ஓட்டினார்.